கோப்பை உடையும் காட்சி

தம்பி,

உன் படத்தைப் பார்த்துவிட்டேன். பார்த்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். "எப்படிமா இருக்கு?" என்று நீ கேட்டதற்கு ஒரு கைகூப்பும் பொம்மையை மட்டும் மெசேஜில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேனே, படம் பிடிக்காமல் அப்படி இருந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. போனில் பேச ஆரம்பித்தால் "ஓகே மா, நோட்டட்" என்று உன் ஆபீஸ் பாஷையில் கதவைச் சாத்திவிடுவாய். மெசேஜில் எழுதினாலோ, என் விரல் ஒன்றைத் தட்ட அது வேறொன்றை எழுதும். ஆகையால் புக்கிட் பாத்தோக்கில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பொங்கோலுக்கு உன் வீட்டுக்கு வந்து நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் மருமகள் முன்னால் இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வராது. நீயும் நான் பாதி சொல்வதற்குள் டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விடுவாய்.

வாரமெல்லாம் ஆபீஸ், வார இறுதியெல்லாம் படம் என்று நீ அலைந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வருகிற சனிக்கிழமை நகரத்துக்கு நடுவில் ஒரு சின்ன அரங்கத்தில் அதைப் போடப் போகிறார்கள். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, பார்த்தவர்கள் உன்னைக் கேள்வி கேட்கலாமாம். அப்பா அதற்கென்று புதுச் சட்டை தைக்கத் தேக்காவில் தையல்காரரிடம் கொடுத்திருக்கிறார். கீழே காப்பிக் கடையில் அவரோடு உட்காருகிற எல்லாரிடமும் "மகன் படம் எடுத்திருக்கான் லா" என்று சொல்லியாயிற்று. என்ன படம் என்று கேட்டால் "குடும்பப் படம்" என்கிறார். எந்தக் குடும்பம் என்று அவருக்குத் தெரியாது. உனக்கும் எனக்கும்தான் தெரியும். "யாராச்சும் உண்மைக் கதையான்னு கேட்டா, கற்பனைன்னு சொல்லிடுறேன் மா. அப்பா மனசு கஷ்டப்படக் கூடாது" என்று நீ சொன்னாய். நல்ல பிள்ளைதான் நீ. ஆனால் அவருக்கு என்ன கண் தெரியாதா? தன் வீட்டு மேசையை அவருக்கு அடையாளம் தெரியாதா? புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்து, தன்னை ஒரு கொடுமைக்காரனாக அவர் பார்க்கப் போகிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

எந்தக் காட்சியைச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும். புருஷன் நிற்கிறான், பெண்டாட்டி அவன் முன்னால் நிற்கிறாள். நடுவில் மேசை. "இந்த வீட்ல நான் சொல்றதுதான் நடக்கும்!" என்று அவன் கத்துகிறான். கையை ஓங்கி மேசையில் ஓர் அடி. காப்பிக் கோப்பை உருண்டு விழுந்து உடைகிறது. அவள் உதடு நடுங்க "சரிங்க" என்கிறாள். குனிந்து துண்டுகளைப் பொறுக்குகிறாள். கேமரா அவனைக் கீழேயிருந்து காட்டுகிறது. தலை மின்விசிறியில் முட்டுகிற மாதிரி அவ்வளவு பெரிய ஆளாகத் தெரிகிறான். மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. நன்றாகத்தான் எடுத்திருக்கிறாய். நடந்ததெல்லாம் தெரிந்த நானே ஒரு நொடி அவனுக்குப் பயந்தேன். ஆனால் தம்பி, அந்த அறையில் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதில் நீ கோட்டை விட்டுவிட்டாய்.

உன் அளவுக்கு எனக்கு சினிமா தெரியாது. ஆனால் அதிகாரம் எனக்குத் தெரியும். பாலிகிளினிக் கவுண்டரில் இத்தனை வருடம் உட்கார்ந்தவளுக்கு அது தெரியாமல் யாருக்குத் தெரியும்? கவுண்டரைத் தட்டி, "எவ்ளோ நேரம்? நான் யார் தெரியுமா?" என்று கத்துகிறவர்கள் அத்தனை பேரும் தங்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிடாமல் காத்திருப்பவர்கள். உள்ளே இருக்கிற டாக்டர் ஒருநாளும் கத்தி நான் கேட்டதில்லை. அவருக்கு எதற்கு? அவர் பேனாவை மூடி வைத்தாலே எதிரில் இருப்பவர் எழுந்துவிடுவார். நீயும் நானும் சேர்ந்து பார்த்த படங்களையே எடுத்துக்கொள். அடியாள் கத்துவான், பெரிய ஆள் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருப்பான். அவன் உரித்து முடிக்கிற வரைக்கும் எதிரில் நிற்பவனுக்கு வேர்க்கும். அப்போதெல்லாம் "மா, இப்ப பாரு, இப்பதான் பயமா இருக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாய். யாருக்கு நாற்காலி கிடைக்கிறது, யார் நிற்கிறார்கள், யார் அவசரமே இல்லாமல் இருக்கிறார்கள் என்று பார்த்தாலே அங்கே யார் எஜமான் என்று சொல்லிவிடலாம். இது தெரிந்த பிள்ளை, சொந்த வீட்டுக் கதைக்கு வந்ததும் கத்துகிறவனைப் போய்ப் பெரிய ஆள் என்று நம்பிவிட்டாயே.

நீ நம்பியதற்கு அந்த "சரிங்க"தான் காரணம். அதைத்தான் விளக்கிச் சொல்ல வேண்டும். நானும் அப்பாவும் கல்யாணத்துக்கு முன்னால் எலெக்ட்ரானிக் கம்பெனியில் ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்துப் பழகியவர்கள். அங்கே நான் அவரை "நீ, வா, போ" என்றுதான் பேசுவேன். பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். கல்யாணத்துக்குப் பிறகு பெரியவர்கள் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அப்பாதான், "வீட்ல எனக்கு எதுக்குடி மரியாத? வெளியாளு முன்னாடி மட்டும் கொஞ்சம் பாத்துக்க" என்றார். அப்படியே நடந்தது. சொந்தக்காரர்கள் வந்தால் "என்னங்க, வாங்க, சொல்லுங்க" என்பேன். விருந்தாளி வந்தால் மட்டும் அலமாரியிலிருந்து எடுக்கிற நல்ல கோப்பைகள் மாதிரி அந்த "நீங்க". அவர்கள் லிஃப்டுக்குள் ஏறியதும் கோப்பை அலமாரிக்குப் போய்விடும், நாங்கள் "நீ"க்குத் திரும்பிவிடுவோம். கதவைச் சாத்தியதும் நான் அவரை முதல்முறை "நீ" என்று சொல்லும்போது உங்கப்பா முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அவருக்கு அது மட்டும் போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்திருந்தார். நாம் அப்போது தேக்கா சந்தைக்கு மேலே இருந்த அடுக்குமாடி புளோக்கில் குடியிருந்தோம். நீ தொடக்கப்பள்ளியில் கீழ் வகுப்பு. எனக்குப் பாலிகிளினிக்கில் கவுண்டர் சூப்பர்வைசராகப் போகச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. சாயங்காலத்தில் ஒரு படிப்புப் படிக்க வேண்டும். நான் சரி என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். நீ அந்த முறை எழுத்துச் சோதனையில் ரொம்ப மோசமாக வாங்கியிருந்தாய். காப்பித் தட்டோடு நான் ஹாலுக்கு வருகிறேன், அப்பா அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "அவ வேலைய விடப் போறாண்ணே. பையன் படிப்பு முக்கியம் பாருங்க." என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் முன்னால் பெரிய மனுஷனாக இருக்க வேண்டும் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். பெரியப்பா என்னைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றார். "அவங்க சொன்னா சரிதான் மாமா" என்று காப்பியைக் கொடுத்தேன். தட்டைப் பிடித்திருந்த என் கைகளில் சூடு ஏறியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பெரியப்பா போனார். லிஃப்ட் கதவு மூடியது. அப்பா வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நான், "இன்னும் காப்பி வேணுங்களா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அண்ணன் போயிட்டாரு, போதும் லா" என்றார். "சரிங்க" என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. "என்ன சரிங்க?" "ஒண்ணுமில்லைங்க." "வேலய பத்தியா? அண்ணன்கிட்ட சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்." "நீங்க சொன்னா சரிங்க." அவர் எழுந்துவிட்டார். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். ஆமாம் தம்பி, நான் உட்கார்ந்திருந்தேன். அவர்தான் நின்றார். அவர் கத்தினார், உண்மைதான். ஆனால் நீ எழுதி வைத்திருக்கிற வசனத்தைக் கத்தவில்லை. "நான் என்ன மூணாம் மனுஷனா?" என்று கத்தினார். "நான் என்ன வாசல்ல நிக்குற ஆளா, நீங்க நீங்கங்கிற?" என்று கையை ஓங்கி மேசையில் அடித்தார். அவர் குடித்த கோப்பை விழுந்து உடைந்தது. நான் "சரிங்க" என்றேன். என் உதடு நடுங்கவே இல்லை. அந்த வார்த்தையை எடுத்துக் கன்னத்தில் அறைந்த மாதிரி வைத்தேன், அது அவருக்கும் தெரியும். துண்டுகளைப் பொறுக்கியது யார் என்று நினைக்கிறாய்? உங்கப்பாதான். மண்டி போட்டு, மேசைக்கு அடியில் கையை விட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அதற்குள் நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாய். துண்டுகள் தட்டில் விழுகிற சத்தம் மட்டும் உனக்குக் கேட்டிருக்கும். அம்மாதான் பொறுக்குகிறாள் என்று நீயே படம் போட்டுக்கொண்டாய்.

அதோடு முடியவில்லை. அடுத்த நாளும் "எழுந்துட்டீங்களா?" அதற்கடுத்த நாளும் "குடை எடுத்துக்கிட்டீங்களா?" ஒரு குறை சொல்ல முடியாத மரியாதை. சட்டை இஸ்திரி போட்டிருக்கும், மீன் குழம்பில் உப்புச் சரியாக இருக்கும். அவர் பேச ஆரம்பித்தால் "சொல்லுங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் நிற்பேன். மனுஷனுக்குப் பாதிச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் கப்பல் பட்டறையில் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். இந்த வித்தை அவருக்கும் தெரியும். அங்கே நம் ஊர்ப்பக்கமிருந்து வேலைக்கு வந்த பையன்களை "டேய், இங்க வாடா" என்று கூப்பிட்டால் ஒருவனும் பயப்பட மாட்டான், சிரித்துக்கொண்டே வருவான். "வாங்க தம்பி, உக்காருங்க" என்றாரானால் அந்தப் பையனுக்குக் கால் ஆட்டம் காணும். அவர் வித்தையையே நான் அவர்மீது போட்டேன். கடைசியில் ஒரு சாயங்காலம், நீ டியூஷன் போயிருந்த நேரம், அவர் வேலை முடிந்து நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். சமையலறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். அவளக் கேக்காம நான்தான் உளறிட்டேன், அவ சூப்பர்வைசரா போறான்னு சொல்லிட்டேன்" என்றார். நான் அடுப்பைச் சின்னதாக்கினேன். "சாப்பிட வா" என்றேன். அந்த "வா"வைக் கேட்டதும் உங்கப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுக்கப் போனதை நீ பார்க்கவில்லை. நீ திரும்பி வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தோம்.

இதற்காக நான் வருத்தப்படுகிறேன் என்று நினைக்காதே. எனக்கு அப்போது வேறு வழி தெரியவில்லை, தெரிந்த வழியைப் பிடித்தேன், ஜெயித்தேன். ஆனால் உன் படத்தில் நான் தோற்றுப்போனவளாக நிற்கிறேன், அவர் ஜெயித்தவராக நிற்கிறார். இரண்டும் பொய். போதாததற்குக் கீழே ஓடுகிற ஆங்கில சப்டைட்டிலைப் பார்த்தேன். "நீ"க்கும் அதே வார்த்தை, "நீங்க"வுக்கும் அதே வார்த்தை. படத்தை வெட்டி ஒட்டி, சப்டைட்டிலும் போட்டுக் கொடுத்த உன் சீனச் சிநேகிதனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு எப்படித் தெரியும்? நீயும் மருமகளும் வீட்டில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், பாதிக்கு மேல் ஆங்கிலம். உங்களுக்கு இந்த ஆயுதம் கிடையாது. ஆனாலும் ஏமாந்துவிடாதே. அன்றைக்கு உன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நீ அவளைக் கேட்காமல் இரண்டு பேருக்கும் சேர்த்து எதற்கோ வருகிறோம் என்று ஒருவரிடம் போனில் ஒத்துக்கொண்டாய். அவள் "ஃபைன்" என்றாள். நீ நிம்மதியாக அடுத்த தோசையை எடுத்தாய். நான் என் தோசையைத் தட்டில் வைத்துவிட்டேன். தம்பி, அந்த "ஃபைன்"தான் என் "சரிங்க". அதைக் கேட்டால் கையிலிருப்பதை வைத்துவிட்டு உட்கார்ந்து பேசு. வாக்கியம் எவ்வளவு பணிவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அவள் தூரம் போயிருக்கிறாள் என்று அர்த்தம்.

ஆகையால் உன்னிடம் நான் கேட்பது இதுதான். சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. வசனத்தை மாற்ற முடியாவிட்டாலும், அந்தக் கீழேயிருந்து எடுத்ததையாவது வெட்டிவிடு. கீழேயிருந்து எடுத்தால் யார்தான் ராட்சசனாகத் தெரிய மாட்டார்கள்? என்னை எடுத்தாலும் அப்படித்தான் தெரியும். அது மலிவான வேலை, உனக்கு வேண்டாம். அப்பா பாவம்.

நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, மீதியை இன்றைக்கு எழுதலாம் என்றிருந்தேன். இன்று காலையில் தேக்காவுக்குப் போனேன். தைத்து வைத்திருந்த அப்பாவின் சட்டையை வாங்கிக்கொண்டு, மீனும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து கதவைத் திறந்தால், டிவியில் உன் படம் நின்றுகொண்டிருக்கிறது. புருஷன் கையை ஓங்கியபடி உறைந்து நிற்கிறான். அப்பா ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். என் டேப்லெட்டில் நீ அனுப்பியதைத் திறந்து டிவியில் போட்டிருக்கிறார். பையைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"எப்ப பாத்தே?" என்றேன்.

"நீ மார்க்கெட் போனதும். மகன் படத்த எல்லாரும் பாக்குறதுக்கு முன்னாடி நான் பாக்கணும்ல?"

"கோவமா?"

"அந்தப் பையன் நல்லா நடிக்கிறான் லா. என்னை விடக் கொஞ்சம் கட்ட."

சிரித்துச் சமாளிக்கிறார் என்று நினைத்து, நான் வேகமாகப் பேச ஆரம்பித்தேன். அவன் சின்னப் பிள்ளை, அவனுக்கு அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரியாது, நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், மாற்றச் சொல்கிறேன் என்றேன். "உன்ன ராட்சசன் மாதிரி காட்டுறதுக்குக் கேமராவக் கீழ வச்சிருக்கான். சும்மா ஒரு ட்ரிக்கு" என்றேன்.

அவர் படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்தினார். எழுந்து போய் டிவிக்குப் பக்கத்தில் நின்று விரலால் காட்டினார். "இங்க பாரு. மேச விளிம்பு எங்க இருக்கு? மேல இருக்கு. மேசைக்கு மேல இருக்குறது ஒண்ணும் சரியாத் தெரியல. இந்தப் பக்கம் ஓரமா இருட்டா ஒண்ணு தெரியுதே, அது கதவு. நம்ம தேக்கா வீட்டு ரூம் கதவு. அவன் அங்கதான நிப்பான்?" கையைத் தன் இடுப்புக்கு நேராக வைத்துக் காட்டினார். "ட்ரிக் இல்ல. அப்ப அவன் உயரமே அவ்ளோதான்."

தம்பி, நான் மீன் பையோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நேற்று எத்தனை பக்கம் எழுதினேன், யார் நின்றார், யார் உட்கார்ந்தார், யார் கத்தினார், யார் ஜெயித்தார் என்று! என் கையில் என்ன இருந்தது, அவர் கையில் என்ன இருந்தது என்று கணக்குப் பார்த்தேனே தவிர, கதவோரம் நின்றவன் கையில் ஒன்றுமே இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. சண்டை உன் படிப்பைச் சொல்லி வந்தது. உன்னை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பெரியவர்கள், எங்களுக்குள் ஒரு வார்த்தையை வைத்து அடித்துக்கொள்ளத் தெரியும், அதே வார்த்தையை வைத்து ஒட்டிக்கொள்ளவும் தெரியும். ஒட்டிக்கொண்டதை நீ பார்க்கவில்லை. அடித்துக்கொண்டதை மட்டும் அந்த உயரத்திலிருந்து பார்த்துவிட்டு, இத்தனை வருடமும் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாய். எனக்கு உன்னை நினைத்துத்தான் அழுகை வந்தது, எங்களை நினைத்து வரவில்லை. அப்பா வந்து பையை வாங்கி உள்ளே வைத்தார். "அப்ப அவன் ஒரு வார்த்த சொல்லலியே" என்று சமையலறையிலிருந்து இரண்டு தடவை சொன்னார்.

நான் நேற்று கேட்டதை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எதையும் வெட்டாதே. உனக்கு என் உதடு நடுங்கியதாகத் தெரிந்திருந்தால் நடுங்கட்டும். நான் குனிந்ததாக நீ நினைத்திருந்தால் குனிந்தே இருக்கட்டும். உண்மையில் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மேலே எழுதியதைக் கிழிக்காமல் அப்படியே அனுப்புகிறேன். அந்தச் "சாப்பிட வா" உனக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள், இன்னொரு படத்துக்கு வைத்துக்கொள், உன் இஷ்டம். சப்டைட்டிலைப் பற்றி மட்டும் மருமகளோடு உட்கார்ந்து யோசி. அவள் கெட்டிக்காரி, ஏதாவது வழி சொல்வாள்.

ஒன்று பாக்கி. மத்தியானம் சாப்பிடும்போது, நீ "கற்பனை" என்று சொல்லப் போவதாக இருந்ததை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எதுக்கு அப்படிச் சொல்லணும்?" என்றார்.

"உனக்கு அவமானமா இருக்கும்னுதான்."

"அவன் என்ன இல்லாததயா எடுத்திருக்கான்? நான் கத்துனது நெசம். பிள்ள பயந்தது நெசம். எங்க வீடுன்னே சொல்லட்டும்."

"எல்லாரும் உன்னைத் திரும்பிப் பாப்பாங்களே."

"பாக்கட்டுமே. அந்த அப்பா வந்திருக்காரான்னு யாராச்சும் கேட்டா, நான் கை தூக்குறேன்."

சொல்லிவிட்டுப் புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்கப் போய்விட்டார். தோள் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதாம், கை தாராளமாக வருகிறதாம். நாங்கள் நடுவரிசையில், நடைபாதை ஓரமாக உட்காருகிறோம். மேடையிலிருந்து பார்த்தால் உனக்குத் தெரியும். கேள்வி வந்ததும் கற்பனை என்று சொல்லி முடித்துவிடாதே. அவர் நிஜமாகவே தூக்கிவிடுவார், நான் அவரை அறிவேன். அப்பா கையைத் தூக்கினால் பயந்துவிடாதே, தம்பி.

அம்மா